நாற்பதாவது படி வரை

கூட்டம் பதினொரு மணிக்கு.
பதினொன்று இருபது வரை
நகராட்சி வாசலை மறித்துக் காட்டெருமை நின்றது.
அதற்கு யாரும் அழைப்பு அனுப்பவில்லை.
ஆனாலும் கோரம் சேரும்வரை
அதுதான் சபையை நடத்தியது.

நான் தீர்மானப் புத்தகம் எழுதுகிறவன்.
குன்னூரில் பெய்கிற மழையெல்லாம்
என் கையெழுத்தில் ஒரு வரி:
வடிகால் தூர்வார நாலு லட்சத்து இருபதாயிரம்,
மன்றத்தின் பார்வைக்கு.

பொருள் இரண்டு, மார்க்கெட் கடை வாடகை.
சம்சுதீன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.
மூன்றிலிருந்து ஏழு வரை குடிநீர்.
எட்டாம் வார்டுக்கு ஒன்பது நாளைக்கொரு தரம்,
ஒன்பதாம் வார்டுக்கு எட்டு நாளைக்கொரு தரம்.
யார் தண்ணீரை யார் குடித்தார்கள் என்று
அரை மணி நேரம்.
உடைந்த ஜன்னல் வழியாக மேகம் வந்து
பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தது.
அந்தக் கண்ணாடி பொருள் எண் இருபத்திரண்டு,
மூன்று கூட்டமாக ஒத்திவைப்பு.

பதினான்கு.
வார்டு பதினேழு, யோகராணி.
தோட்டத்தில் அரைப் பேரை விட்டுவிட்டு வந்தவர்,
விரல் நுனியில் கொழுந்துக் கறை.
கத்தவில்லை. நாற்பது பக்க நோட்டைத் திறந்து வாசித்தார்:
'மொத்தம் நூத்தி முப்பத்தாறு படி. ஒரு லைட்டும் இல்ல.
பேக்டரி ராத்திரி ஷிப்ட் முடிச்சு ஏறுறவங்க பதினோரு பேர்.
ஆவணியில தவமலர் பிள்ளைக்கு வலிப்பு.
போன் டார்ச்சுல இறக்கினோம்,
சார்ஜ் நாலு பர்சன்ட் இருந்துச்சு.
ஐப்பசியில லூர்துசாமி எண்பதாவது படியில
எருமை மேலயே போய் முட்டினாரு.
எருமை ஒதுங்கிக்கிச்சு.
அதுக்கு இருக்கு மனசு.'

சபை சிரித்தது. தலைவர் போஜன் மேசையைத் தட்டியபடி சிரித்தார்.
யோகராணி நோட்டை மூடவில்லை.

பொறியாளர் வரைபடத்தை விரித்தார்.
கீழிருந்து நாற்பது படி நகராட்சிக்கு.
நாற்பத்தொன்றிலிருந்து தொண்ணூறு வரை எஸ்டேட், வழக்கில் இருக்கிறது.
அதற்கு மேல் வனத்துறை.
'அவங்களுக்கு இருட்டு வேணும் மேடம், விலங்குகளுக்காக.'

'எந்தப் படி எந்தத் துறைன்னு
என் காலுக்கு எப்படி சார் தெரியும்?'

இதை நான் எழுதவில்லை.
'உறுப்பினர் தமது கருத்தைத் தெரிவித்தார்' என்று எழுதினேன்.
பத்தொன்பது வருடமாக இந்த ஒரு வாக்கியத்துக்குள்
எத்தனை பேரை அனுப்பிக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.
காலிக் குடத்தோடு வந்தவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள்.
அழுத ஒருவர்கூட.

தீர்மானம்: நாற்பதாவது படியில் கம்பம் ஒன்று, விளக்கு ஒன்று.
ஏனையவற்றுக்குச் சம்பந்தப்பட்ட துறைகளுக்குக் கடிதம்.
ஏகமனதாக.
டீயும் வர்க்கியும் வந்தன.

கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்.
நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு, அவையும் நான்.
பதில்: பரிசீலனையில்.

மார்கழியில் விளக்கு எரிந்தது.
எனக்கு அந்தப் பக்கம் வேலையில்லை.
இருந்தும் ஒரு ராத்திரி மப்ளரைச் சுற்றிக்கொண்டு போனேன்.
எண்ணிக்கொண்டே ஏறினேன்.
நாற்பதில் கம்பம், பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.
வரைபடத்தின்படி
வெளிச்சம் அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை.
வழக்கிலுள்ள படிகள் மேல்
வழக்கைப் பற்றி ஒன்றும் தெரியாமல் விழுந்து கிடந்தது.
நாற்பத்தொன்றில் பாசி.
நாற்பத்து மூன்றில் யாரோ துப்பிய வெற்றிலை.
நாற்பத்தேழு வரை கல் கல்லாகத் தெரிந்தது.
எந்தப் புத்தகத்திலும் ஏறாத ஏழு படி.
தணிக்கையில் கேட்டால்
அளவு சரி என்பேன்.

நாற்பத்தெட்டில் கால் வைத்தேன்.
மேலே எங்கோ
கனமாக ஒன்று மூச்சு விட்டது.
கீழே, ஷிப்ட் முடித்த யாரோ
எண்ணாமலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.